கேட்டு வரைக்கும் ஓடுற வண்டி

ஒரே ஒரு ஊருல ஒரே ஒரு காரு இருந்துச்சாமா. அந்தக் காருக்குப் பளபளன்னு பெயிண்ட் இருந்துச்சாமா. மெத்துமெத்துன்னு சீட்டு இருந்துச்சாமா. மொகம் பாக்கற மாதிரி பம்பர் இருந்துச்சாமா. உசுரு மட்டும் இல்லையாமா.

இப்படித்தானுங்க தம்பி இந்தக் கதையை ஆரம்பிக்கணும். சிரிக்காதீங்க. டெம்போ வேப்பமர நெழல்லதானே நிக்குது? நிக்கட்டும். அந்தச் சங்கிலியைக் கீழ போட்டுட்டு இந்த ஸ்டூல்ல சித்தே உக்காருங்க. பழைய இஞ்சினை ஏத்திட்டுப் போகத்தானே எங்க ஊட்டுக்காரரு உங்களை அனுப்பிச்சிருக்காரு? சொல்றேன். எங்க இருக்குன்னு சொல்றேன். இந்த மோரைக் குடிங்க மொதல்ல.

போர்டுல "ராசாமணி வைண்டிங் ஒர்க்ஸ்"னு பாத்துட்டு, "ராசாமணி அண்ணன் இருக்காருங்களா?"ன்னு கேட்டீங்க பாருங்க, அதை முப்பத்திரண்டு வருசமாக் கேட்டுட்டிருக்கேன். அண்ணனும் இல்லை, மாமனும் இல்லை. நான்தானுங்க ராசாமணி. இந்தக் கணபதி ஏரியாவுல, சங்கனூர் வரைக்கும், கெணத்து மோட்டாரு எரிஞ்சா இங்கதான் வரும். ஒரு தோட்டத்துக்காரரு காலைல மோட்டாரைக் கொண்டாந்து எறக்கிட்டு, பொழுதோட வரைக்கும் இதே ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. நான் அவரு கண்ணு முன்னாடியே பிரிச்சு, கருகின கம்பியெல்லாம் உருவி, புதுசு சுத்தி, வார்னிஷ் அடிச்சு, ஓட்டியும் காட்டிட்டேன். எல்லாம் பாத்துட்டு என்ன சொன்னாருங்கறீங்க? "அண்ணன் வந்து ஒருவாட்டி தொட்டுப் பாத்துட்டா நல்லதுங்க"ன்னாரு.

அண்ணன் எங்க வர்றது! எங்க ஊட்டுக்காரருக்கு மோட்டாருன்னாலே ஆகாது. அவரு பஞ்சாலையில டைம் கீப்பரா இருந்தவரு. ஒரு நிமிசம் பிந்தி வந்தவன் பேருக்கு நேரா செவப்பு மையில சுழிச்ச கை. இப்ப ரிட்டயர்டு. பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க எங்க பக்கம். அதோ ஆர்சி புக்கு, நீங்களே பாருங்க. உரிமையாளர் பேரு, வெள்ளிங்கிரி. ஆர்சி புக்கைப் படிச்சா பேரு சொன்னதா ஆகாது.

அந்தப் பேருலதான் இப்ப எல்லாம் நிக்குது. காரு என் ஷெட்டுல நிக்குது, சாவி என் இடுப்புல தொங்குது, லைசென்ஸ் என் பேருல இருக்குது. போன வருசம்தான் எடுத்தேன், அம்பத்தி மூணு வயசுல. எட்டுப் போடச் சொன்னாங்க, போட்டேன். ஆனா இஞ்சினை மாத்தினதை ஆர்சியில ஏத்தணும்னா அந்தப் பேருக்காரரு வந்து ஆர்டிஓ ஆபீஸுல கையெழுத்துப் போடணும். அவரு கையெழுத்து இல்லாம இந்த வண்டி கேட்டைத் தாண்டுச்சுன்னா கேஸு. அவரு என்ன சொல்லியிருக்காரு? உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரே. "பழைய இஞ்சினைக் குடுத்தா கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா அது ஷெட்டுலயே மக்கட்டும்." மக்கட்டுமாமா! பதினோரு வருசம் மக்கினது பத்தலையாட்ட இருக்குது.

அந்தத் தார்ப்பாயை நீக்கிப் பாருங்க. பாருங்க தம்பி, பாக்கறதுக்கு யாரும் டிக்கெட் கேக்க மாட்டாங்க. ஃபியட்டு. அறுபத்தி ஆறாம் வருசத்து வண்டி. கதவைத் திறந்து மூடுங்க. கேட்டீங்களா? டப்புன்னு, நகைப்பெட்டி மூடற மாதிரி. அந்தச் சத்தம் வர்றதுக்கு மட்டும் அவரு ஆறு மாசம் பாடுபட்டாரு. கீலு, ரப்பரு, பூட்டு, ஒவ்வொண்ணா. பாடியில இருந்த துருவையெல்லாம் உப்புத்தாளு வெச்சுத் தேச்சே எடுத்தது அவருதான். சீட்டுக்கு அதே கோடு போட்ட துணி வேணும்னு திருப்பூரு, கரூருன்னு அலைஞ்சாரு. இல்லைங்கலை. பாடியில அவரு கைவேலையை நான் கொறை சொல்லலை. மத்தபடி கொறை சொல்றதுக்கு நெறைய இருக்குது.

கண்ணாலம் ஆன புதுசுல வாங்கின வண்டிங்க. மில்லு மேனேஜரு விட்டுட்டுப் போனது. "உன்னை வால்பாறைக்கு இதுல கூட்டிட்டுப் போறேன் புள்ள, நாப்பது கொண்டை ஊசி வளைவு, ஒண்ணுவிடாம எண்ணிட்டே போலாம்"னாரு. நான் மருதமலை அடிவாரம் வரைக்கும்தான் போயிருக்கேன். அதுக்கப்புறம் அது ஓடறதும் நிக்கறதுமா இருந்து, ஒரு நாள் நின்னேபோச்சு. "அக்குவேறா ஆணிவேறாப் பிரிச்சுப் புதுசாக் கோக்கறேன்"னாரு. கோத்தாரு. பாடி கோத்தாரு, சீட்டு கோத்தாரு, இஞ்சினையும் ஒருவாட்டி கோத்து ஆயுத பூசைக்கு ஓட்டிக் காட்டினாரு. அன்னிக்கு மூடினது தார்ப்பாய். கேட்டா, பாம்பேயில இருந்து பிஸ்டன் ரிங்கு வரணும். எப்ப வரும்? வரும். இந்தப் பொங்கலுக்கு வந்துரும். சித்திரைக்கு வந்துரும். தம்பி, பதினோரு வருசத்துல பாம்பேயே பேரு மாறி மும்பையாகிப் பழசாப் போச்சு, ரிங்கு வரலை.

இடையில நானே கேட்டேன், "உக்கடத்துல வேற இஞ்சின் கெடைக்குதாமா, போட்டுரலாமுங்களா?"ன்னு. மனுசனுக்கு வந்துச்சே கோவம்! "பாடிக்கும் இஞ்சினுக்கும் ஒரே ஜாதகம்டி. ரெண்டு நம்பரும் ஆர்சியில ஒண்ணா எழுதியிருக்குது. பிரிச்சா அது காரே இல்லை"ன்னாரு. ஜாதகமாம்! நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? ஏனுங்க, எரிஞ்ச மோட்டாருல நான் உள்ள இருக்கற கம்பி பூராத்தையும் உருவிப் போட்டுட்டுப் புதுசு சுத்தறேன். தோட்டத்துக்காரரு அதை வேற மோட்டாருன்னா சொல்றாரு? "எம் மோட்டாரு ஆச்சுங்களா"ன்னுதானே கேட்டு வர்றாரு? தண்ணி எடுத்தா மோட்டாரு. ஓடினா காரு. அதுக்கு மேல என்னங்க ஜாதகம்? மனுசன் பம்பரைத் தொடைக்கப் போயிட்டாரு.

பழைய காரு சங்கம்னு ஒண்ணு இருக்குதுங்க ஊருக்குள்ள. மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை எல்லாரும் அவங்கவங்க வண்டியில வந்து கூடுவாங்க. இவரு ஸ்கூட்டருல போவாரு. சட்டைப் பையில காரோட ஃபோட்டோ. அதை எடுத்து எடுத்துக் காட்டுவாரு. போன தை மாசம் ஒரு கண்ணாலத்துல பந்தியில உக்காந்திருக்கேன். சங்கத்து ஆளு ஒருத்தன், இலையில பாயசத்தை ஊத்திப் பெசைஞ்சுக்கிட்டே கேக்கறான், "ஏனக்கா, அண்ணன் காரு இன்னும் பிரசவ வார்டுலதான் இருக்குதுங்களா?" சுத்தியிருந்த ஒறம்பரைச் சனமெல்லாம் சிரிக்குது. இவரும் எனக்கு எதிர்வரிசையில உக்காந்திருக்காரு, கேக்காத மாதிரி அப்பளத்தை நொறுக்கிட்டிருக்காரு. அந்த அப்பளத்தை அவரு திங்கவே இல்லை. நொறுக்கி நொறுக்கித் தூளாக்கிட்டாரு.

எனக்குப் பத்திக்கிச்சு. அவருக்காகன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு ஷெட்டுல எடம் வேணும். பதினஞ்சு குதிரை மோட்டாரு ரெண்டு வந்து மழையில நனையுது, இது தார்ப்பாய்க்குள்ள மகாராசா மாதிரி தூங்குது. அதுதான் காரணம். வேற ஒண்ணும் இல்லை.

மாசியில அவரு தங்கச்சி ஊட்டுக்காரருக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு தாராபுரம் போனாரு. தோப்பைப் பாத்துக்க ஆளில்லை, மூணு மாசம் ஆகும்னாரு. பஸ் ஏறும்போது என்ன சொல்லிட்டுப் போனாருங்கறீங்க? சாப்பிடு, தூங்குன்னா சொன்னாரு? "தார்ப்பாயைத் தொடாதே"ன்னாரு. அந்தப் பஸ்ஸு காந்திபுரத்தைத் தாண்டியிருக்காது தம்பி, நான் தார்ப்பாயை அவுத்துட்டேன்.

இலியாஸ் பாய்னு உக்கடத்துல இருக்காரு, நல்ல மெக்கானிக்கு. அவரு ஊட்டு மோட்டாரை எப்பவும் நான்தான் சுத்திக் குடுப்பேன். அவரைக் கூப்பிட்டேன். வந்து பானெட்டைத் தூக்கிப் பாத்துட்டு, "அக்கா, வெள்ளிங்கிரியண்ணன் சம்மதம் இருக்குதுங்களா?"ன்னாரு. "நீங்க இஞ்சினைப் பாக்க வந்தீங்களா, சம்மதம் பாக்க வந்தீங்களா?"ன்னேன். மனுசன் தாடியைத் தடவிட்டு ஸ்பேனரை எடுத்துட்டாரு.

இஞ்சின் எங்க புடிச்சோம்னா, ஜிப்சி ஜீப்பு ஒண்ணு ஊட்டி ரோட்டுல பின்னால உருண்டு போயி மரத்துல மோதி, பின்பக்கம் அப்பளமாகிக் கெடந்துச்சு. முன்பக்கம் கீறல் இல்லை. அந்த இஞ்சின். நீட்டுவாக்குல உக்கார்ற இஞ்சின், பின்சக்கரத்தை ஓட்டற வண்டி. இந்த ஃபியட்டும் அதே மாதிரிதான். மத்த காரு இஞ்சினெல்லாம் குறுக்க உக்காரும், இதுக்கு ஆகாது. ரசீது, பிரிச்ச வண்டியோட பேப்பரு எல்லாம் வெச்சிருக்கேன். திருட்டுப் பொருளை என் ஷெட்டுக்குள்ள ஏத்த மாட்டேன்.

தூக்கறதுக்குத்தான் மேல பாருங்க, செயின் பிளாக்கு தொங்குது. பெரிய மோட்டாரைத் தூக்க வெச்சிருக்கறது. அதுலயே பழைய இஞ்சினைத் தூக்கி வெளிய வெச்சோம், புதுசைத் தூக்கி உள்ள எறக்கினோம். எறக்கினா உக்காரலை. அடியில எண்ணெய்க் கிண்ணம் போயி குறுக்குச் சட்டத்துல முட்டுது. கிண்ணத்தை வெட்டி, ஓரத்துல அகலமாக்கி, பத்த வெச்சோம். இஞ்சினைத் தாங்கற காலு ரெண்டும் நானே அட்டையில வெட்டிப் பாத்து, அளவு சொல்லி, லேத்துக்காரங்கிட்ட செஞ்சு வாங்கினேன். பின்னாடி போற ஷாஃப்டு நீளம் அதிகமா இருந்துச்சு, நாலு விரக்கடை வெட்டி, ஆட்டமில்லாம பேலன்ஸ் பாத்துக் கொண்டாந்தோம். வேகம் கூடுமேன்னு பிரேக்கையும் மாத்திட்டேன். இலியாஸ் பாய் சொன்னாரு, "அக்கா, நீங்க கண்ணாலம் மாத்திப் பண்ணிக்கிட்டீங்க. உங்களுக்குப் பொருத்தம் கம்பியும் இல்லை, மோட்டாரும் இல்லை, இந்தக் காரு இரும்புதான்"ன்னு. நல்லா வாய் பேசுவாரு.

கியரு விசயம்தான் நெம்ப இழுத்துச்சு. இந்த வண்டிக்கு ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல கியரு. புது இஞ்சினுக்குக் கியரு தரையில. தரையிலயே வெச்சுட்டோம். மேல இருக்கற பழைய கம்பியைக் கழட்டலாமான்னு பாய் கேட்டாரு. வேண்டாம்னுட்டேன். அது இப்ப எதோடவும் சேரலை, சும்மா நிக்குது. தொட்டுப் பாருங்க, ஆடும். ஏன் வெச்சீங்கன்னா? அவருக்கு ஓட்டும்போது எடது கை அங்க போயித்தான் பழக்கம். தரையில தேடிட்டிருந்தா ரோட்டைப் பாக்காம எங்கியாவது கொண்டுபோயி இடிச்சு வெப்பாரு. என் காரை இடிச்சா எனக்குத்தானே நட்டம்? அதுக்குத்தான். டிரைவர் சீட்டைப் பின்னால தள்ளி வெச்சிருக்கறதும் அதே மாதிரிதான். எனக்குக் காலு எட்டாது, முதுகுக்குத் தலகாணி வெச்சுத்தான் ஓட்டறேன். இருக்கட்டும். சீட்டை முன்னாடி பின்னாடி நகத்திட்டே இருந்தா தேஞ்சுரும்.

இப்ப ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிராதீங்க. இஞ்சினு முன்னால காத்து இழுக்கற ஃபேன் இருக்குதுல்ல, ரேடியேட்டருக்குப் பக்கத்துல. ஜீப்புல இருந்த ஃபேனு எரிஞ்சு போயிருந்துச்சு. புதுசு வாங்கலாம்னாரு பாய். நான் விடுவனா? மோட்டாரு சுத்தறவ ஊட்டுல ஃபேனுக்குக் காசு குடுக்கறதா? நானே சுத்தினேன். ஒரு நாளு கூட ஆகலை, ஒரு மத்தியானத்துல முடிச்சேன். போட்டு ஓட்டினோம். ஜம்முனு ஸ்டார்ட்டு. அந்தச் சத்தம் இருக்குது பாருங்க... சரி, அதை விடுங்க. பத்து நிமிசத்துல சூடு முள்ளு மேல ஏறிப் போச்சு. புஸ்ஸுன்னு ஆவி. அணைச்சோம். ஆறினதும் மறுக்கா ஓட்டினோம், மறுக்கா ஆவி. நாலு நாளு! நான் இஞ்சினைத் திட்டறேன், ஜீப்புக்காரனைத் திட்டறேன், பாயைத் திட்டறேன், வெயிலைத் திட்டறேன். அஞ்சாம் நாளு பாய் ஒரு தாளைக் கிழிச்சு ரேடியேட்டருக்கு முன்னால புடிச்சாரு. ஃபேனு காத்தை இழுத்தா தாளு ஒட்டிக்கணும். இது பறந்து வந்து என் மூஞ்சியில அடிச்சுச்சு.

திருப்பிச் சுத்தியிருக்கேன். முப்பத்திரண்டு வருசம் மோட்டாரு சுத்தினவ, ஒரு முழம் ஃபேனைத் திருப்பிச் சுத்தியிருக்கேன்! கெணத்து மோட்டாரு திருப்பிச் சுத்துச்சுன்னா ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்தா சரியாப் போயிரும், அதனால அங்க நாங்க திசையையே பாக்கறதில்லை. அந்தப் பழக்கத்துல வந்த வெனை. இன்னும் ரெண்டு நாளு ஓட்டியிருந்தா இஞ்சின் வெந்திருக்கும்னாரு பாய். ஒண்ணும் சிரிக்கலை மனுசன். ரெண்டு ஒயரையும் மாத்திட்டு, கையைத் தொடைச்சுட்டு, "டீ சாப்பிடலாங்களா அக்கா"ன்னாரு. அன்னிக்கு நான் டீ குடிக்கலை. ஷெட்டுக்குப் பின்னால போயி சித்த நேரம் நின்னுட்டு வந்தேன்.

வைகாசியில அவரு வந்தாரு. கேட்டுக்குள்ள காலை வெச்சாரு, நான் காரை ஓட்டிட்டு எதுத்தாப்புல வர்றேன். ஷெட்டுல இருந்து கேட்டு வரைக்கும் முப்பதடி. ஓட்டிட்டு வந்து அவரு முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால நிறுத்தினேன். பிரேக்கு அவ்வளவு சுத்தம். எறங்கினேன். அவரு என்னையப் பாக்கலை. பானெட்டைத் தூக்கினாரு. எவ்வளவு நேரம் நின்னாருன்னு தெரியலை. இஞ்சினு ஓடிட்டே இருக்குது. அப்புறம் பானெட்டை மெதுவா, சத்தம் வராம மூடினாரு. "இது என் காரில்லை"ன்னாரு. அவ்வளவுதான். "என் இஞ்சின் எங்க?"ன்னாரு. "இருக்கற எடத்துல இருக்குது"ன்னேன். பையை எறக்கவே இல்லை, அப்படியே திரும்பித் தம்பி ஊட்டுக்குப் போயிட்டாரு. சரவணம்பட்டி. நாலு மைலு. நடந்தே போனாரு, வீம்பு.

போகட்டும்னுட்டேன். நான் கூப்பிடலை. கூப்பிடவும் மாட்டேன். எனக்கென்னங்க? மூணு வேளை ஆக்கறது ஒரு வேளை ஆயிருச்சு, வேலை மிச்சம். ஆனா மனுசன் சும்மா இருக்காரா? தெனமும் பொழுதோட அந்த வேப்பமரத்தடியில வந்து நிக்கறாரு. நான் காரை எடுத்துக் கேட்டு வரைக்கும் வருவேன், மறுபடி பின்னால போவேன். பேட்டரி எறங்கிரக் கூடாதுல்ல, அதுக்கு. சரியா ஆறு மணிக்கு எடுப்பேன். அவரும் சரியா ஆறு மணிக்கு நிப்பாரு, டைம் கீப்பரு பாருங்க. என்னைக் கேலி பண்றதுக்குன்னே வர்றாரு. ஒரு நாளு நான் அஞ்சு நிமிசம் பிந்திட்டேன், கைக்கடியாரத்தைப் பாத்துட்டு நிக்கறாரு. திமிரைப் பாத்தீங்களா?

என்னங்க தம்பி? என்ன சொன்னீங்க? "அண்ணன் சொன்னாருங்க, அது நெம்ப நல்ல இஞ்சினாமா, ரிங்கு மட்டும் மாத்தினாப் போதுமாமா"வா?

அப்படியா சொன்னாரு.

நீங்க அறியாதவரு, வழியோட போறவரு. உங்ககிட்டச் சொன்னா என்ன? நல்ல இஞ்சினா அது? வெளிய எடுத்து வெச்சு, பாய் அது வயித்துல ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினாரு. ஒரு பக்கமா வழிஞ்சுச்சு தண்ணி. தொடைச்சுப் பாத்தா, மேல இருந்து கீழ வரைக்கும் விரிசல். ஒரு சாணு நீளம். அது மேல எம்சீல் பூசி, தேச்சு, அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சிருக்குது. எவ்வளவு நறுவிசா அடிச்சிருக்குதுங்கறீங்க! அந்தக் கைவேலை எனக்குத் தெரியாதா? கதவு மூடற சத்தத்துக்கு ஆறு மாசம் பாடுபட்ட கையி.

எனக்கு அப்பத்தான் எல்லாம் வெளிச்சமாச்சு. அந்த ஆயுத பூசை. சங்கத்து ஆளுக, ஒறம்பரை எல்லாம் சுத்தி நிக்கறாங்க, இவரு இஞ்சினை ஓட விட்டுட்டுப் பேசறாரு, பேசறாரு, அரைமணி நேரம். ரேடியேட்டருல தண்ணி ஊத்தணும்ங்கற ஞாவகமே அவருக்கு இல்லை. ஆவி வந்துச்சு. சாம்பிராணிப் புகைன்னாங்க எல்லாரும். இவரு மொகம் வெளுத்துப் போச்சு. ஓடிப் போயி தொட்டியில இருந்து ஒரு பக்கெட்டுப் பச்சைத் தண்ணி அள்ளியாந்து ஊத்தினாரு. காஞ்ச இரும்புல பச்சைத் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? பட்டுன்னு ஒரு சத்தம். அதே நேரத்துல வாசல்ல நான் பூசணிக்காயை ஒடைச்சேன். எல்லாரும் பூசணிக்காய்ச் சத்தம்னு நெனச்சோம். அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும். பதினோரு வருசம் தெரிஞ்சிருக்குது. ரிங்கு வரணும், ரிங்கு வரணும்னு என்கிட்டயே சொல்லிட்டு, அந்த ஃபோட்டோவை வெச்சுக்கிட்டுச் சங்கத்துல...

பொய்யி. பதினோரு வருசப் பொய்யி. பாம்பேயாம், ரிங்காம்!

அதனாலதானுங்க அதைத் தூக்கிப் போட்டேன். ஆமா, போட்டுட்டேன். இங்க இல்லை. நீங்க சங்கிலியைத் தூக்கிட்டு வந்தது வெட்டி வேலை. நமக்குப் பழக்கமான பவுண்டரிக்கு ஆட்டோவுல ஏத்திக் கொண்டுபோயி உருக்கக் குடுத்துட்டேன். இந்நேரம் யாரு கெணத்துலயாவது பம்பாகித் தண்ணி எடுத்துட்டிருக்கும். காயலாங்கடையில போட்டிருக்கலாம். காயலாங்கடைன்னா நாலு பேரு கண்ணுல படும், சங்கத்து ஆளுக பழைய சாமான் பொறுக்கறதே அங்கதான். அதுக்காகச் சொல்லலை, சும்மா சொல்றேன். பவுண்டரிதான் பக்கம். ஒலைக்குள்ள போற வரைக்கும் நானே நின்னேன். எரிச்சலுங்க, கண்ணுல பட்டாலே எரிச்சல். இலியாஸ் பாய்கிட்ட, "யாராச்சும் கேட்டா நீங்க ஒண்ணும் பாக்கலை"ன்னேன். "நான் என்னத்தைக்கா பாத்தேன்?"ன்னாரு.

அவரு இப்ப அதைக் கேக்கறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? மறுபடி வண்டியில மாட்டறதுக்கா? யாரும் பாக்கறதுக்கு முன்னால தூக்கிட்டுப் போயி ஒளிச்சு வைக்கறதுக்கு. நேரா வந்து, "ராசாமணி, இப்படி ஆகிப் போச்சு"ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமே. டெம்போ அனுப்பறாரு டெம்போ!

போன் பண்றீங்களா? பண்ணுங்க. பண்ணுங்க, எனக்கென்ன பயம்? "இஞ்சின் இல்லைங்கறாங்க"ன்னு சொல்லுங்க. வெறும் வண்டியாப் போனா உங்களைத்தானே கேப்பாரு. சொல்லுங்க... என்னவாமா? என்கிட்டக் குடுக்கச் சொல்றாரா? ரெண்டு மாசமாப் பேசாதவருக்கு இப்ப என்ன பேச்சு? குடுங்க இங்க. இன்னிக்குக் கேட்டுர்றேன், வெச்சுக்கறேன். பதினோரு வருசத்துக்கும் சேத்து.

ஆ, நான்தான்.

...

ஆமாங்க. இல்லைங்க. உருக்கப் போட்டுட்டேனுங்க.

...

ஏனுங்க. இருக்கீங்களா?

...

நான் என்னங்க பாத்தேன், ஒண்ணும் பாக்கலை. எனக்கென்ன தெரியும் இஞ்சினைப் பத்தி, நான் மோட்டாரு சுத்தறவ. நல்ல இஞ்சின்தான். நீங்க சொல்லியிருக்கீங்களே, ரிங்குதான்னு. பழசா இருக்குதேன்னு அறியாமத் தூக்கிப் போட்டுட்டேன்... பாயா? பாயும் பாக்கலை. அவரு புது இஞ்சின் வேலைக்குத்தான் வந்தாரு... சங்கத்துல கேட்டா சொல்லுங்க. நல்ல இஞ்சினைப் பொண்டாட்டி அறியாமப் போட்டுட்டான்னு சொல்லுங்க. என் பேருல சொல்லுங்க, எனக்கொண்ணும் கொறைஞ்சுராது.

...

ம்.

...

பாக்கறேனுங்க. தெனமும் பாக்கறேன். எடுக்கறதுக்கு முன்னால மூடியைத் திறந்து பாத்துட்டுத்தான் எடுக்கறேன்.

...

ம். சரிங்க.

இந்தாங்க தம்பி, உங்க போனு. வெச்சுட்டாரு.

என்னையே என்னத்துக்குப் பாக்கறீங்க? என்ன சொன்னாருன்னா? ஒண்ணும் சொல்லலை. லைனு கட்டாயிருச்சோன்னு நெனச்சேன். அப்புறம், "ரேடியேட்டருல தண்ணி பாக்கறியா புள்ள?"ன்னாரு. அதைத்தான் கேட்டாரு. அப்புறம் உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு, வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஆர்டிஓ ஆபீஸுக்கு வந்துர்றாராமா. என்கிட்டப் பேசிட்டிருக்கும்போதே உங்ககிட்டச் சொல்லச் சொல்றாரு, பாத்துக்குங்க. டெம்போக்காரரைச் சாப்பிட வெச்சு அனுப்புன்னாரு. சாப்பிடுங்க, தக்காளிச் சோறுதான்.

வேண்டாங்களா? நேரமாச்சா? சரி, உங்க இஷ்டம்.

நான் சொன்ன விரிசல் கதை உங்க வயித்தோட இருக்கட்டும். இருக்கோணும். வெளிய வந்துச்சுன்னா, உங்க டெம்போ நம்பரு எனக்கு மனப்பாடம். சங்கிலியை விட்டுட்டுப் போறீங்க, எடுத்துக்குங்க.

வெள்ளிக்கிழமை வர்றேன்னதுல நான் ஒண்ணும் குளுந்து போயிரலை. பத்தரைன்னா பத்தரைக்கு வரோணும். ஒரு நிமிசம் பிந்தினா நான் செவப்பு மையில சுழிப்பேன். வால்பாறைக்கு நான்தான் ஓட்டுவேன். அவரு வேணும்னா பக்கத்துல உக்காந்து வளைவை எண்ணட்டும். மலை எறங்கும்போது வேணா அவருக்கு ஓட்டக் குடுக்கலாம், பாக்கலாம், அதுவும் என் இஷ்டம்.

என்ன, கெளம்பிட்டீங்களா?

தம்பி! ஏனுங்க தம்பி! அவரைப் பாத்தா, ராசாமணி எறங்கி வந்துட்டான்னு சொல்லிராதீங்க. அறியாமப் போட்டேன்னுதான் சொன்னேன். தப்புன்னு சொல்லலை. காதுல விழுதுங்களா? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க, நீங்களே சாட்சி. அந்த வார்த்தை என் வாயில வரலை. ஏனுங்க... அட, திரும்பித்தான் பாருங்களேன்... தப்புன்னு சொல்லவே இல்லை!